வடகிழக்கு மூலையிலிருந்து எடுத்த படங்கள்

அண்ணன் என்னிடம் கேட்டதெல்லாம் வருடத்துக்கு ஒரு படம்தான். தை மாதம் முதல் வாரத்தில், காலை ஒன்பது மணிக்குள், அவருடைய பிளாட்டின் வடகிழக்கு மூலைக் கல்லுக்கு இரண்டடி பின்னால் நின்று தென்மேற்காகக் கேமராவைத் திருப்ப வேண்டும். நாலு மூலைக் கற்களும் படத்துக்குள் விழ வேண்டும். கல்லைப் புல் மறைத்தால் புல்லை வெட்டிவிட்டு எடுக்க வேண்டும். சிம்மக்கல்லில் ஒரு ஸ்டூடியோவில் கழுவி இரண்டு பிரதி போடுவேன். ஒன்று அமெரிக்காவில் இருக்கும் அண்ணனுக்குத் தபாலில் போகும். மற்றொன்றை என் ஆல்பத்தில் ஒட்டி, கீழே கிழமையும் நேரமும் வானிலையும் எழுதுவேன்.

இது அண்ணனின் கிறுக்குத்தனம் இல்லை. அவருடன் வேலை பார்த்த ஒருவர் மதுரையின் இன்னொரு பக்கத்தில் வாங்கிப் போட்டிருந்த மனையில், வருடத்துக்கு ஓரடியாகக் கல் உள்ளே நகர்ந்து, ஏழெட்டு வருடத்தில் பக்கத்து மனைக்காரர் அதில் மாட்டுக்கொட்டகை கட்டிவிட்டார். அதைக் கேட்டபின் அண்ணனுக்குத் தூக்கம் கெட்டது. பவர் பத்திரம் என் பேரில் இருந்ததால் எனக்கும் கெட்டது.

இந்த மாதிரி வேலைக்கு நான் பொருத்தமான ஆள். அப்போது ஒரு கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தேன். பத்தொன்பது வயதிலிருந்து ஒரு நாள் விடாமல் டைரி எழுதுகிறேன். அன்று என்ன நடந்தது, யார் வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள், மழை உண்டா இல்லையா. மனதில் பட்டதை எழுதும் வழக்கம் இல்லை. நடந்ததை எழுதினால் போதும் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் ஊர் வண்டியூர் தெப்பக்குளத்தைத் தாண்டிக் கிழக்கே போகும் வழியில் இருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில், ரிங் ரோடு வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும், ஊருக்கு வடக்கே கிடந்த காட்டைப் பிளாட் போட்டு விற்றார்கள். உள்ளூரில் அதை வாங்கும் வசதி யாருக்கும் இல்லை. வாங்கியவர்கள் எல்லோரும் எங்கள் ஊரிலிருந்து வெளியே போனவர்கள். சிங்கப்பூரில் இருந்தவர் துபாயில் இருந்தவருக்குச் சொன்னார். துபாய்க்காரர் மலேசியாவுக்குப் போன் போட்டார். “கடைசியில ஊருக்குத்தான வரப்போறோம், ஒரு இடம் கிடக்கட்டும்” என்று ஆளுக்கொன்றாக வாங்கினார்கள். கல் நட்டார்கள். அதோடு சரி. ஒருவரும் வரவில்லை. சீமைக்கருவேலம் வந்தது. ஆடுகள் வந்தன. ஊரில் அந்த இடத்துக்குப் ‘பாரின் காலனி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். “ஆடு எங்க காணோம்?” “பாரின் போயிருக்கு.”

அங்கே முள் வெட்டி, கல்லுக்குப் பெயிண்ட் அடித்து, சுத்தமாக வைத்திருந்த ஒரே மனை எங்களுடையது. இதைப் பெருமையாகவே டைரியில் எழுதியிருக்கிறேன்.

பிறகு தொடர்ந்து மூன்று வருடம் மழை பொய்த்தது. ஊர்க் கண்மாய் வெடித்துக் கிடந்தது. அப்போதுதான் வெளிநாட்டில் இருந்த எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்தார்கள். இன்டர்நெட் வந்திருந்த புதிது. காளவாசலில் என் வீட்டுக்கு நாலு கட்டிடம் தள்ளி ஒரு பிரவுசிங் சென்டர் திறந்திருந்தார்கள். கண்மாயைத் தூர்வார வேண்டும் என்பது அண்ணனின் யோசனை. அவர்தான் செயலாளர். ஊரில் இருந்து எல்லாவற்றையும் பார்த்து எழுதுகிற ஆள் நான்.

அவர்கள் எனக்கு அனுப்பிய மின்னஞ்சல்களைப் படித்தால் ஒரு கண்மாய்க்காக இத்தனை பேர் இத்தனை தூரத்திலிருந்து சண்டை போட முடியுமா என்று தோன்றும். மலேசியாக்காரர்களுக்குப் படித்துறையில் வழுக்காத கல் பதிக்க வேண்டும். துபாய்க்காரர்களுக்குக் கரையில் ஒரு பெயர்ப்பலகை வேண்டும், அதில் நாடுகளின் பெயர் அகர வரிசையில் வர வேண்டும். சிங்கப்பூர்க்காரர் ஒருவர் கரையில் நின்ற புளியமரம் வெட்டப்பட்டதை இருபது வருடம் கழித்துக் கேள்விப்பட்டு என்னைத் திட்டி எழுதினார். அண்ணன் மட்டும் ஆழம், ஆழம் என்று ஒரே பிடியாக நின்றார். அளந்து சொல்வதற்காக அங்கிருந்து நூறடி ஸ்டீல் டேப் ஒன்று வாங்கி அனுப்பினார். இங்கேயே சிம்மக்கல்லில் கிடைக்கும் என்று எழுதினேன். “அது இழுவும்டா, இது இழுவாது” என்றார்.

வைகாசியில் பொக்லைன் இறங்கியது. ஆடிக்குள் வேலை முடிந்தது. பதினொரு வாரமும் ஞாயிறுதோறும் நான் போய் அளந்தேன், படம் எடுத்தேன், எழுதி அனுப்பினேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அண்ணன் போன் வரும்.

“எம்புட்டுடா போயிருக்கு?”

“பழைய தரையிலேர்ந்து நாலரை அடிண்ணே. மடைக்கிட்ட அஞ்சே கால்.”

“அஞ்சே காலு! நம்ம தலை முங்குமே அதுல!” சிறு பையன் மாதிரி சிரிப்பார். “டே, கெளுத்தி ஓடைன்னு ஒண்ணு இருக்குமே. மேலக் கண்மாய் நிறைஞ்சு வழிஞ்சா மறுகாத் தண்ணி வருமே, நீ கூட முள்ளுக் குத்தி அழுதியே. அது இருக்கா இன்னும்?”

“இருக்கும்ணே.”

“இருக்குமா, இருக்கா?”

“பாத்துச் சொல்றேன்.”

அன்றைய டைரியில் ‘ஓடை – பார்க்க’ என்று எழுதினேன். பார்க்கவில்லை. குறித்து வைத்ததைச் செய்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு.

ஊரில் கண்மாய்க் கமிட்டியில் ஒரு அக்கா இருந்தார். என் பெரியப்பா வழியில் தூரத்துச் சொந்தம். என்னைவிட ஆறு வயது மூத்தவர். கணவர் இல்லை. இரண்டாம் மடைக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் நஞ்சை, அவரே நின்று விவசாயம் பார்த்தார். நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு கண்மாய்க்குள் நடப்பதைக் கரையில் உட்கார்ந்து பார்த்துச் சிரிப்பார். “என்ன தம்பி, கண்மாய்க்குச் சட்டை தைக்கப் போறியா?” புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் என்னிடம் நேராகவே கேட்டார்.

“நீ படிச்சவன், அளந்தவன். நம்பி நாத்துப் பாவலாமா தம்பி?”

“தாராளமாப் பாவுங்க அக்கா. இந்த வருசம் நிறையும்.”

அவர் பாவினார். அவரைப் பார்த்து இன்னும் பதினான்கு குடும்பம் பாவியது.

ஐப்பசியில் இரண்டு நாள் நல்ல மழை. மூன்றாம் நாள் காலை அலுவலகத்துக்கு அரை நாள் சொல்லிவிட்டு மொபட்டில் கிளம்பினேன். வழியெல்லாம் தண்ணீர். தெப்பக்குளத்துக்கு அப்பால் சாலையோரப் பள்ளங்கள் நிரம்பி வழிந்தன. கண்மாய்க் கரையில் ஏறியதும் மொபட்டை ஸ்டாண்ட் போடாமலே நின்றுவிட்டேன். உள்ளே அங்கங்கே கணுக்கால் அளவு குட்டை. அதற்கு மேல் இல்லை. தோண்டிய பொக்லைன் பற்களின் கோடுகூட ஈரத்தில் அப்படியே தெரிந்தது. பெயர்ப்பலகையில் ஐந்து நாடுகளின் பெயர் பளிச்சென்று இருந்தது.

அக்கா மடைத்திண்டில் உட்கார்ந்திருந்தார்.

“வாப்பா. அமெரிக்காவுக்கு இன்னைக்கு என்ன எழுதுவ? தவளை ஒண்ணு வந்து எட்டிப் பாத்துட்டு, ஆழமா இருக்குன்னு பயந்து போயிருச்சுன்னு எழுது.”

“மேலக் கண்மாயும் நிறையலையா?”

“அது நேத்தே மறுகாப் போகுது. இங்கதான் வரல.” எழுந்து அரிவாளை எடுத்துக்கொண்டார். “வா, போயிப் பாப்போம். ஆழத்தப் பாத்தீங்களே, தண்ணி வார பாதையப் பாத்தீங்களாடா ஒருத்தனாவது?”

வடக்கு நோக்கி நடந்தோம். அக்கா முன்னால் முள்ளை வெட்டிக்கொண்டே போனார். வாய்க்கால் என்று சொல்ல முடியாத ஒரு தாழ்ந்த தடம், கோரையும் முள்ளுமாக, கண்மாயிலிருந்து வடமேற்கே போயிற்று. அதில் தண்ணீர் இல்லை. முக்கால் மைல் போனபின் பாரின் காலனியின் கற்கள் தெரிந்தன. அங்கே ஒரு மேட்டில் ஏறினோம். ஏறியதும் மறுபக்கம் தண்ணீர் சத்தம் கேட்டது.

மேலக் கண்மாயின் மறுகால் கலங்கலாக, வேகமாக, முள்ளுக்குள் புகுந்து வந்துகொண்டிருந்தது. ஆள் பார்க்காத மனைகளில் ஓடைக்கு ஒரு குறையும் இல்லை. இந்த மேட்டில் வந்து முட்டி, மேற்கே திரும்பி, ரிங் ரோட்டுப் பள்ளத்தில் விழுந்து எங்கோ போயிற்று.

அக்கா குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தார். “செம்மண்ணு. இந்தக் கரிசக் காட்டுல செம்மண்ணு எப்பிடி வரும்? லாரி வச்சுக் கொட்டியிருக்கான் புண்ணியவான். எவன் இடம்னு தெரியல. வெளிநாட்டுக்காரனாத்தான் இருப்பான், ஒனக்குத் தெரியாத ஆளா? கேட்டுச் சொல்லு. எங்க பாட்டுக்கு வெட்டுனா நாளைக்குப் போலீஸுக்குப் போவான்.”

மேட்டின் ஓரத்தில் ஒரு கல் இருந்தது. வெள்ளைப் பெயிண்ட், அதில் கறுப்பில் மூன்று என்று எண். என் கையெழுத்து. நல்லவேளையாகப் பெயர் எழுதியிருக்கவில்லை.

“விசாரிச்சுச் சொல்றேன் அக்கா” என்றேன்.

அந்த வாக்கியத்தை நான் டைரியில் எழுதவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சாப்பிடாமல் ஆல்பத்தை எடுத்தேன். எட்டுப் படங்கள், எட்டு வருடம், ஒரே மூலையிலிருந்து. முதல் படத்தில் தூரத்துக் கல்லுக்கு முன்னால் கோரை வரிசை ஒன்று குறுக்கே போகிறது. இரண்டாவதிலும் போகிறது. மூன்றாவது படத்தில் அந்தக் கோரைக்குள் வெள்ளையாக ஒரு மினுக்கம், அதன் கரையில் ஒரு கொக்கு. நாலாவது படத்தில் கோரையும் இல்லை, கொக்கும் இல்லை. மேடை போட்டதுபோலச் சிவப்பாக ஒரு தரை. நாலு கல்லும் தெளிவாகத் தெரிகின்றன.

மூன்றாவது படம் கிடைத்ததும் அண்ணன் போனில் சொன்னது எனக்கு நினைவு வந்தது. “என்னடா, பின்னால தண்ணி நிக்குது? பள்ளமா இருக்கும்போல. பின்னாடி வீடு கட்டுறப்ப ஓதம் ஏறும். மண்ணடிச்சு மேடாக்கிரு.” அந்த வருட டைரியை இறக்கினேன். சித்திரை, ஞாயிற்றுக்கிழமை. ‘அண்ணன் மனையில் தென்மேற்கு மூலைப் பள்ளம் நிரப்புதல். செம்மண் பதிமூன்று நடை. மேற்பார்வை நான். மாலை 4.10க்கு முடிந்தது. சமன் நன்று.’

சமன் நன்று.

நானும் அதே ஊரில் பிறந்தவன்தான். அந்த ஓடையில் முள் குத்தி அழுதவன்தான். அதன் மேல் நின்றுகொண்டு, பதிமூன்று லாரி மண்ணைக் கொட்டச் சொல்லி, மட்டப்பலகை வைத்துப் பார்த்திருக்கிறேன். எப்படி அடையாளம் தெரியாமல் போயிற்று? சின்ன வயதில் தெற்கே கண்மாய்க் கரையிலிருந்து ஓடை வழியாகவே நடந்து மேலே போவோம். பிளாட்டுக்கு ஊருக்குள் நுழையாமல் வடக்கே புதுச் சாலையிலிருந்து மொபட்டில் வருகிறேன். லே-அவுட் வரைபடத்தில் ஓடை இல்லை. நான் கல்லைத்தான் பார்த்தேன். இதெல்லாம் காரணங்கள்தான். ஆனால் ‘ஓடை – பார்க்க’ என்று எழுதிய பிறகும் பார்க்கவில்லை என்பதற்கு என்னிடம் காரணம் இல்லை.

அந்த வாரம் என்னால் உட்கார முடியவில்லை. அலுவலகத்தில் ஒரு பதிவேட்டை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு மூன்றாம் முறை எடுத்தேன். பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் சிம்மக்கல்லிலிருந்து காளவாசல் வரைக்கும் நடந்தேன். செருப்பு வார் அறுந்தது. பிரவுசிங் சென்டரில் அரை மணி உட்கார்ந்து நாலு வரி அடித்தேன். ‘தண்ணீர் வரும் பாதையில் சிறு தடை ஒன்று காணப்படுகிறது.’ அழித்தேன். ‘தங்கள் மனையின் அருகே.’ அழித்தேன். அருகே இல்லை, மனையில்தான். அப்படி எழுதினால் அடுத்த வரியில் யார் மண் கொட்டியது என்று எழுத வேண்டும். அண்ணன் மார்கழியில் குடும்பத்தோடு வருவதாக இருந்தது. நிறைந்த கண்மாயைப் பிள்ளைகளுக்குக் காட்டத்தான் வருகிறார். டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தேன். மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“ஏங்க, ஒண்ணு உக்காருங்க, இல்ல வெளிய போயி நடங்க. குறுக்கயும் நெடுக்கயும் போனா எனக்குக் கிறுகிறுங்குது.”

சொன்னேன். முழுதாகக் கேட்டாள்.

“அவ்வளவுதான? போனு வாரப்ப சொல்லுங்க.”

“எப்பிடிச் சொல்ல?”

“டைரியில எப்பிடி எழுதியிருக்கீகளோ அப்பிடியே வாசிங்க.”

சனிக்கிழமை ரேடியோவில் வங்கக் கடலில் தாழ்வு நிலை என்றார்கள். அன்று மாலையே அக்கா ஊரில் இருந்த பூத்திலிருந்து என் வீட்டுக்குப் போன் செய்தார். அவர் எனக்குப் போன் செய்வது அதுதான் முதல் தடவை. “தம்பி, நாத்து இருபத்திரண்டு நாளாச்சு. பறிச்சு நடணும். மறுகா இன்னும் நாலு நாளோ அஞ்சு நாளோதான் போகும். அந்தாளு யாருன்னு தெரிஞ்சுச்சா?” சில்லறை விழும் சத்தம் கேட்டது. “நீ சொன்னியேன்னுதான் பாவினேன்.” வைத்துவிட்டார்.

ஞாயிறு எட்டு மணிக்கு அண்ணன்.

“எம்புட்டுடா ஏறியிருக்கு? படம் எடுத்தியா?”

நான் டைரியைப் பிரித்து வைத்திருந்தேன். கிழமை, நடை எண்ணிக்கை, நேரம், எல்லாவற்றையும் வாசித்தேன். ‘சமன் நன்று’ என்பதையும் விடவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று, “அண்ணே” என்றேன்.

“இருக்கேன்.” பிறகு, “அது பள்ளம்னுதானடா சொன்ன?”

“பள்ளம்னு நீங்க சொன்னீங்க. நான் நிரப்புனேன்.”

“நான் படத்தைப் பாத்துச் சொன்னேன். நீ அங்க நின்ன.”

டைரியை மூடினேன்.

“குழாய் பொதைச்சு மேல மண்ணை மூடிட்டா?”

“முள்ளும் குப்பையும் அடைச்சுக்கும்ணே. ஒரு மழைக்குத் தாங்காது.”

“எம்புட்டு போகும் இடத்துல?”

“தென்மேற்கு மூலை. குறுக்க ஒம்பது பத்தடி அகலத்துக்கு. அந்த மூலையில அப்புறம் ஒண்ணும் கட்ட முடியாது.”

“அந்த மூலையிலதான்டா மாஸ்டர் பெட்ரூம்.”

சிரிக்கிறாரா என்று கவனித்தேன். இல்லை. பிளான் போட்டு வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். இருபது வருடமாக அங்கே இருக்கிறார். கோடு போட்ட ஒரு தாளை மேஜை டிராயரில் வைத்து, எந்த ஜன்னல் எந்தப் பக்கம் என்று குறித்திருக்கிறார். அந்த ஜன்னலைத் திறந்தால் கண்மாய் தெரிய வேண்டும் என்பது அவர் கணக்காக இருந்திருக்கும்.

“கண்மாய்க்கு எல்லாருகிட்டயும் பணம் கேட்டு அனுப்புனவன் நான். என் இடந்தான் அடைக்குதுன்னு சங்கத்துக்கு நானே எழுதணுமா?” குரல் உயர்ந்தது. “நான் யோசிக்கிறேன். அதுவரைக்கும் எதையும் தொடாத.”

“நாத்து இருபத்திரண்டு நாளாச்சாம்ணே.”

“தொடாதன்னு சொல்றேன்ல.”

பவர் பத்திரத்தை எடுத்து வைத்துப் படித்தேன். மனையைப் பாதுகாக்கவும், பராமரிக்கவும், வரி செலுத்தவும், தேவைப்பட்டால் விற்கவும் எனக்கு உரிமை உண்டு. விற்கக்கூட உரிமை உண்டு. ஒரு ஓடையைத் திறந்துவிட உண்டா என்று அதில் இல்லை. மூன்று முறை படித்தேன். பதினொரு மணிக்கு டேப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மனைவி, “தொப்பி வச்சுக்கிட்டுப் போங்க” என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

அக்கா நாற்றங்காலில் நின்றுகொண்டிருந்தார். வரப்பில் ஏறாமல் தள்ளி நின்றே சொன்னேன்.

“அது எங்க அண்ணன் இடம் அக்கா. மண்ணு கொட்டுனது நான்.”

அக்கா நிமிர்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

“அன்னைக்கே தெரியுமா ஒனக்கு?”

“தெரியும்.”

“ஏழு நாளு.” நாற்றைக் குனிந்து தடவினார். நுனி மஞ்சளடித்திருந்தது. பிறகு சிரித்தார். “இங்கிட்டுத் தோண்டுறதும் ஒங்கண்ணன், அங்கிட்டு மூடுறதும் ஒங்கண்ணன். நல்லாருக்குடா ஒங்க ஒத்தாசை. மத்தவன்லாம் இடத்தச் சீண்டாமக் கெடக்கவிட்டான், ஓடை பொழைச்சுச்சு. நீதான் ஒழுங்குக்காரன்.”

“வெட்டிருவோம்.”

“ஒங்கண்ணன் சரின்னுட்டாரா?”

“இல்ல.”

“அப்புறம்?”

“பவர் என் பேருல இருக்கு. கேட்டா நான் சொல்லிக்கிறேன்.”

அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஊருக்குள் போனார். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, பாவிய பதினைந்து வீட்டிலிருந்தும் ஆள் வந்திருந்தது. நான் லீவு போட்டிருந்தேன். அண்ணன் அனுப்பிய டேப்பால் அகலம் அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டேன். மேலே ஒன்பதடி, கீழே ஆறு. “சட்டை தைக்கிறாருப்பா, ஒதுங்குங்க” என்றார் அக்கா. மூன்றாம் எண் கல் கோட்டுக்குள் நின்றது. கடப்பாரை போட்டு நெம்பி நானே பிடுங்கினேன். நினைத்ததைவிட ஆழமாக இருந்தது. அதை நட்ட அன்று மூன்றடி தோண்டச் சொல்லி நான்தான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

செம்மண் மூன்றடிக்குக் கீழே கறுப்பாக மாறியது. அந்தக் கறுப்பு மண்ணில் கோரைக் கிழங்கு இன்னும் இருந்தது. பதினொன்று இருபதுக்குக் கடைசி வரப்பை வெட்டிவிட்டார்கள். தண்ணீர் முதலில் தயங்கி, நுரையும் சருகுமாகத் தரையைத் தொட்டுப் பார்த்து, பிறகு ஒரு பக்கமாகச் சரிந்து இறங்கியது. அதோடு சேர்ந்து தெற்கே நடந்தோம். எங்கள் நடைக்குச் சரியாக வந்தது. முக்கால் மைலுக்கு ஐம்பது நிமிடம். கண்மாய்க்குள் முதல் தண்ணீர் விழுந்தபோது மணி பன்னிரண்டு பத்து.

எல்லோரும் கரையில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னால் நிற்க முடியவில்லை. திரும்பி வடக்கே போய், வடகிழக்கு மூலைக் கல்லுக்கு இரண்டடி பின்னால் நின்று, தென்மேற்காகப் பார்த்து ஒரு படம் எடுத்தேன். ஐப்பசி மாதம், உச்சி வெயில். அண்ணன் சொன்ன முறைக்கு இரண்டுமே தவறு. கல் மூன்று. மறுநாள் கழுவி, ஆல்பத்தில் ஒட்டி, இன்னொன்றை அமெரிக்காவுக்குத் தபாலில் போட்டேன். கடிதம் வைக்கவில்லை. படத்தின் பின்னால் டைரியில் எழுதியதை அப்படியே எழுதினேன். ‘ஓடை திறப்பு. மேற்பார்வை நான்.’

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. எட்டு மணிக்குப் போன் பக்கத்தில் உட்கார்ந்து, எட்டரைக்கு எழுந்து, ஒன்பதுக்கு மறுபடியும் உட்கார்ந்தேன். அதற்குள் தாழ்வு நிலை கரை கடந்து ஐந்து நாள் பெய்தது. கண்மாய் இரண்டாம் மடை வரை ஏறியது. அக்கா நட்டு முடித்திருந்தார். என்னைக் கேலி செய்வது மட்டும் அவரிடம் குறைந்திருந்தது. “வா தம்பி” என்பார், “காப்பித்தண்ணி குடிக்கிறியா” என்பார். அந்த ஏழு நாளை அவர் மறந்தாரா என்று எனக்குத் தெரியாது. நிறைந்த கண்மாயின் படங்களைச் சங்கத்துக்கு அனுப்பினேன். ஐந்து நாட்டிலிருந்தும் பாராட்டு வந்தது. செயலாளரிடமிருந்து ஒரு வரி இல்லை.

மூன்றாவது ஞாயிறு போன் அடித்தது. மதினி.

“நல்லாருக்கீங்களா? மார்கழிக்கு வார மாதிரி இல்ல. அவருக்கு லீவு கிடைக்கல.” குரலைத் தாழ்த்தினார். “டிக்கெட்டக் கேன்சல் பண்ணிட்டாரு.”

“அண்ணன் இருக்காங்களா?”

“இருக்காரு. பக்கத்துலதான் நிக்கிறாரு.”

கை மாறும் சத்தம். மூச்சு கேட்டது. என்ன பேசுவது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அது கையில் இருந்தது.

“தண்ணி எம்புட்டு இருக்கு?” என்றார்.

“ரெண்டாம் மடைக்கு மேல ஓரடி.”

“ம்.” பிறகு, “அந்தக் கல்லு?”

“பிடுங்கி வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன். மாடிப்படிக்குக் கீழ இருக்கு.”

“ஒடையலையே?”

“இல்ல. முழுசா இருக்கு.”

“சரி. வெளிய போட்டுறாத.”

வைத்துவிட்டார். பேச்சு எத்தனை நிமிடம் என்று அன்று நான் குறிக்கவில்லை.

தை பிறந்தபோது அவர் படம் கேட்கவில்லை. நான் போனேன். புல்லை வெட்டிவிட்டு, அதே மூலையில், காலை எட்டு நாற்பதுக்கு எடுத்து அனுப்பினேன். அதற்குப் பின்னும் வருடந்தோறும் அனுப்புகிறேன். வந்தது என்று ஒரு வருடம் சொல்வார், ஒரு வருடம் சொல்ல மாட்டார். வீடு கட்டும் பேச்சை எடுப்பதில்லை. மழை தொடங்கினால் எனக்கு இருப்புக் கொள்ளாது. முள் அடைத்திருக்குமோ என்று மொபட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

கல் மாடிப்படிக்குக் கீழேதான் இருக்கிறது. மனைவி அதன் மேல் மாவு டப்பா வைத்திருக்கிறாள். போன வெள்ளிக்கிழமை டப்பாவை எடுத்துவிட்டு அதற்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்தேன், மூன்று என்று எழுதினேன். எதற்கு என்று அவள் கேட்டாள். பெயிண்ட் மிச்சம் இருந்தது என்றேன்.